விற்பது யார், ஓட்டுவது யார்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய டிக்கெட் உறை இருக்கிறது. அதன் மேல் சிவப்புப் பேனாவில் இரண்டு விமானக் கம்பெனிகளின் பெயர்கள். ஒன்று டிக்கெட்டை விற்றவர்கள், மற்றது விமானத்தை ஓட்டுகிறவர்கள். இப்படி எழுதித் தருவது, கம்பத்தில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த டிராவல்ஸில் மேலாளர் அக்கா வைத்திருந்த வழக்கம். கூட்டுச் சேர்ந்த கம்பெனிகள் ஒரே விமானத்தின் இருக்கைகளை ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு விலையில் விற்பார்கள். பயணி போய் நிற்க வேண்டியதோ ஓட்டுகிறவர்களின் கவுண்டரில். வேலையற்ற வேலை என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

சேர்ந்த மாதமே வசமாக மாட்டினேன். அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு அம்மா, மகளின் தலைப்பிரசவத்துக்கு லண்டன் போக வேண்டும். கொச்சியிலிருந்து விலை பார்த்துப் போனில் சொன்னேன். திரையில் அடிப்படைக் கட்டணம் ஒரு வரியிலும், எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம் வேறொரு வரியிலும் இருந்தன. என் அவசரப் புத்திக்கு முதல் வரி மட்டும்தான் கண்ணில் பட்டது. மறுநாள் அவர் நேரில் வந்தபோது கூட்டிப் பார்த்தால், நான் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு.

"ஏம்மா, உன் வெலைய நம்பித்தான மககிட்ட வாரேன்னு சொன்னேன். எங்க வீட்டுலயும் அம்புட்டுத்தான் பொரட்டிக் குடுத்தாக. மாசமா இருக்குற புள்ளகிட்ட இனி வரலேன்னு எப்பிடிச் சொல்ல?"

அவர் அழவில்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. "தப்பு எங்க மேலதான், இங்கன உக்காருங்கம்மா" என்று அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, என்னிடம் திரும்பினார். "அதே பிளைட்ட, கூட்டாளி கம்பெனி பேர்ல தேடு."

அதே விமானம், அதே நேரம், வேறு பெயர். இவர்கள் அந்தக் கூடுதல் கட்டணத்தில் பாதிகூடப் போடவில்லை. அப்படியும் கொஞ்சம் இடித்தது. "நம்ம சர்வீஸ் சார்ஜ எடுத்துரு. வாய விட்டது நாமதான" என்றார் அக்கா. மொத்தம் நான் சொன்ன தொகைக்குள் வந்து நின்றபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. உறையில் இரண்டு பெயர்களையும் கொட்டை எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். "டிக்கெட்டுல இருந்த பேருக்கு கொச்சியில கவுண்டரே இல்லம்மா. இந்த உறையக் காட்டுனேன், சரியான எடத்துல கொண்டுபோயி விட்டாக" என்று சொல்லி, அதை என்னிடமே கொடுத்தார்.

அக்கா இப்போது ஓய்வில் இருக்கிறார். செல்போனிலேயே டிக்கெட் போட்டுக்கொண்டு சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கும் நான் இரண்டு பெயர்களை எழுதித் தருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கண்ணாடிக்கு அடியில் என் சிவப்பு எழுத்துக்குக் கீழே, அந்த அம்மாவின் கோணல் எழுத்தில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அவருடைய பேத்தியின் பெயர்.