கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்ன விடை

சில வருடங்களாக ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தேன். லொறி ஒன்றில் ஊர் ஊராகப் போய் மேடை போடும் கூத்தாடிகளைப் பற்றிய நாவல். அவர்களிடம் இருப்பது உண்மையான மாயம். ஒருத்தி தன் நிழலைக் கழற்றி, சேலைபோல மடித்துப் பெட்டியில் வைப்பாள். எப்படி என்று யாரிடமாவது சொன்னால் வித்தை போய்விடும். நான் வகுத்த அந்த விதியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். நிழல்காரி கணவனிடம்கூட வாய் திறக்க முடியவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். கதை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த நாட்களில், நாவுலவில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு ஒரு மெஜிக் ஷோ வந்தது. ஐம்பதைத் தாண்டிய கணவனும் மனைவியும்தான் மொத்தக் குழுவும். கணவர் பிள்ளைகளிடம் ஏதாவது பொருளை வாங்கித் தூக்கிப் பிடிப்பார். மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனைவி அது என்னவென்று சொல்வார். “இது என்ன?”, “சட்டுனு சொல்லுங்க”, “யோசிச்சு சொல்லுங்க” என்று அவர் மாற்றி மாற்றிக் கேட்கும் விதத்தில்தான் விடை ஒளிந்திருக்கிறது என்று ஊகித்தேன்.

பென்சில், மணிக்கூடு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் சரியாக வந்தன. திடீரென்று கணவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, மற்றக் கையால் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து எதையோ வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் எழும்பவேயில்லை. வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. மேடையில் அந்த அம்மா இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். கை கண்கட்டுவரை போய், இறங்கியது.

“குடை” என்றார்.

குடைதான். கைதட்டல் ஓயும் முன்பே அவர் மேடையேறி, மனைவியின் கட்டை அவிழ்த்துவிட்டார். அத்தோடு ஷோவை முடித்துக்கொண்டார்கள்.

அன்று வீடு திரும்பும்போது, மாத்தளை பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன் சீட்டில் அவருடைய கணவர் பெட்டிமேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

“அக்கா, அண்ணன் ஒரு வார்த்தையும் பேசலியே. குடைன்னு எப்படிச் சொன்னீங்க?”

“தொழில் ரகசியம் கேக்கக் கூடாது டீச்சர்” என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனபின் அவராகவே சொன்னார். “அதுல ரகசியமே இல்ல. வெளியில மழை இரைஞ்சிச்சு. பயந்துட்டா அவரு தூரம் போக மாட்டாரு, கையில அகப்படுறத எடுப்பாரு. மழை நாளையில புள்ளைங்ககிட்ட வேற என்ன இருக்கும்?”

“தப்பாப் போயிருந்தா?”

“போனா போகட்டும். அவரு அங்க தனியா நிக்கிறாரு. நான் ஏதாச்சும் சொல்லணுமே.”

“அவருகிட்டச் சொன்னீங்களா?”

“இல்ல. நான் அவரு மனசப் படிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்குறாரு. தூங்கட்டும்.”

அந்த வாரமே நாவலில் நான் வகுத்த விதியை வெட்டிவிட்டேன். நிழல்காரி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வித்தை போகவில்லை. அவன் அவளுடைய நிழலின் மறு முனையைப் பிடித்து, மடிக்க உதவினான்.

அந்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு பல்லேபொலவில் அவர்கள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் கணவர் மனைவியைப் பார்த்தார்.

“கதையில வர்றவ சொல்லிட்டா. நீ அன்னைக்குக் குடைன்னு எப்படிச் சொன்னேன்னு இன்னும் சொல்லலியே.”

அந்த அம்மா ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, சொன்னார். மழையையும், அவருடைய பயத்தையும்.

“நான் பயந்தது ஒனக்குத் தெரிஞ்சிச்சா?”

“தெரியாமயா?”

கணவர் எழுந்து, தேத்தண்ணி ஊற்றப்போவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். வெகுநேரம் கப் சத்தமே கேட்கவில்லை. நான் எழப்போனபோது அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அழுறாரு” என்றார் மெதுவாக. “முடிச்சிட்டு வரட்டும். இருங்க டீச்சர், குடிச்சிட்டே போகலாம்.”