ஈரமாகாத இடம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவியே முதலில் நம்பவில்லை. நான் சொல்லும் எதையும் அவள் முதல் தடவையில் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது என் கடப்பாரை. நாங்கள் வாடகைக்கு வந்த வீட்டின் பின்னால் ஒரு புல்தரை உண்டு. தினமும் காலை ஐந்து மணிக்கு டைமர் தானாகத் திறந்துவிட, ஸ்ப்ரிங்ளர்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். துணி காயப்போடக் கம்பம் நடுகிறேன் என்று சனிக்கிழமை மாலை குழி தோண்டக் கிளம்பினேன். மண் இளகட்டும் என்று ஸ்ப்ரிங்ளரையும் ஓடவிட்டேன். அறிவாளி! நாலு குத்து குத்தியிருப்பேன். தரைக்குள்ளிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது.

"கம்பம் நட்டாச்சா, இல்ல கிணறு வெட்டியாச்சா?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல்.

தண்ணீரை நிறுத்தி, உடைந்த குழாயை அறுத்தெடுத்து, புதுத் துண்டு வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். அறுத்த துண்டின் மேல் நான்கு கீறல்கள். பக்கம் பக்கமாக, மெல்லிசாக. எலி பிறாண்டியிருக்கும் என்று தூக்கிப் போட்டேன். குழியை மூடியபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை பெருமை போனது. தண்ணீர் வந்ததும் ஸ்ப்ரிங்ளர் தலைகள் தரையிலிருந்து விறைப்பாக எழும்ப வேண்டும். அவையோ விரலளவு எட்டிப் பார்த்து, எச்சில் துப்புவதுபோல் துப்பிவிட்டு நின்றன.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டு ஓனருக்கு போன் செய்தேன். கடப்பாரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"தண்ணி வேகம் கம்மியா இருக்கு சார்."

"பின்பக்கமா?"

"ஆமா சார்."

"பழைய வீடு... அப்படித்தான் இருக்கும். டைமர மட்டும் தொட்டுடாதீங்க."

"ஏன் சார்?"

"புல்லு காஞ்சிடும்." வைத்துவிட்டார்.

வால்வைப் பார்த்தேன், முழுக்கத் திறந்திருந்தது. ஃபில்டரைக் கழுவினேன். ஒவ்வொரு தலையையும் திருகி எடுத்து மணலை ஊதினேன். ஒட்டிய இடத்தில் கசிவும் இல்லை. கடைசியில் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் போனிலேயே வைத்தியம் சொன்னார்.

"புல்லு மேல அங்கங்க டம்ளர் வைங்க. தண்ணி ஓடி முடிஞ்சதும் பாருங்க. எதுல கம்மியோ, கோளாறு அங்கதான்."

"சில்வர் டம்ளரா, கண்ணாடி டம்ளரா?"

"வீட்ல திட்டு வாங்காம எதை எடுக்க முடியுமோ, அது."

அன்றைக்கே மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பு வறண்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். பின்பக்க அறையில் படுத்திருந்தவள் நான் டம்ளர்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். "எல்லாத்தையும் வெளிய வச்சுட்டு எனக்கு உள்ளங்கையில ஊத்துவீங்களா?"

திங்கள் காலை போய்ப் பார்த்தேன். எல்லா டம்ளரிலும் கொஞ்சமாவது தண்ணீர் இருந்தது. நான் குழாயை ஒட்டிய இடத்தில் வைத்தது மட்டும் காலி. சுற்றிலும் புல் நனைந்திருந்தது. டம்ளரின் உள்ளே சொட்டு இல்லை.

விளிம்பில் மட்டும் ஈரம். ஒரே பக்கத்தில்... உதடு பட்ட மாதிரி.

பூனை என்று முடிவு செய்தேன். டம்ளரை மாற்றி வைத்தேன். செவ்வாயும் அதே இடம். அதே காலி. பூனைக்கு அவ்வளவு அகலமான உதடு கிடையாது என்று புத்தி சொன்னது. புத்தியை வாயை மூடச் சொன்னேன்.

புதன்கிழமை சமையலறை ஜன்னலருகே காத்திருந்தேன். விடிய நேரம் இருந்தது. சரியாக ஐந்து மணி. க்ளிக்... டைமர். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர்.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை.

பிறகு சத்தம் கேட்டது. டம்ளர் உருளும் சத்தம்.

டார்ச்சோடு வெளியே போனேன். புல் முழுக்க ஈரம் மின்னியது. அந்த ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தது. ஓர் ஆள் நீளத்துக்கு. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்த மாதிரி.

அதன் மேல் துளிகள் விழுவது வெளிச்சத்தில் தெரிந்தது. தரைக்கு வந்து சேரவில்லை.

மடக்...

மடக்...

ஓடினேன். ஓடுகிற வழியில், சுவரிலிருந்த டைமரை அணைத்தேன். தண்ணீர் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று நினைத்தேன். கடப்பாரையெல்லாம் சின்னத் தப்பு. இதுதான் பெரிய தப்பு.

பகலில் டம்ளர்களைத் தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தேன். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது.

"தண்ணி கேட்டேனே... வைக்கலியா?"

"வச்சேனே!"

தலைமாட்டில் டம்ளர் இருந்தது. காலியாக. நிரப்பினேன். மாத்திரை எடுத்துத் திரும்பினேன். மறுபடி காலி.

"நீ குடிச்சிருப்ப."

"குடிச்சா எனக்குத் தெரியாதா? நாக்கு ஒட்டுதுங்க..." அவள் உதடு வெடித்திருந்தது. கேலி செய்யக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

பெரிய ஜாடியில் கொண்டுவந்தேன். ஊற்றினேன். டம்ளரை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, உதட்டருகே கொண்டுபோனேன்.

கை லேசானது.

பார்த்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மடக்...

ஈர மண் வாசனை. என் விரல் மேல் யாரோ மூச்சு விட்டார்கள்.

மடக்...

ஜாடியும் காலி.

அவள் கண் டம்ளரில் நிலைகுத்தியிருந்தது. "யாருங்க அது?"

மணி ஏழு பத்து. ஓனருக்கு போன் போட்டேன்.

"சார், வீட்டுக்குள்ள தண்ணிய..."

"டைமர அணைச்சீங்களா?"

"ஆமா."

"ஐயோ! போடுங்க. ஓடுங்க சார், முதல்ல போய்ப் போடுங்க!"

ஓடினேன். டைமரைப் போட்டு, தண்ணீரையும் கையாலேயே திறந்துவிட்டேன்.

டக்... டக்... டக்... தலைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முழு உயரத்துக்கு எழுந்தன. சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் தண்ணீர் வேலிவரை போய் விழுந்தது.

உள்ளே வந்து டம்ளரை நிரப்பினேன். அவள் வாயில் வைத்தேன். இறங்கியது... ஆனால் இந்தத் தடவை அவள் தொண்டை அசைந்தது. முழுக்கக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாசலில் ஓனர் நின்றிருந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். கேட்டைத் தாண்டவில்லை.

"யார் சார் அது?"

"பழைய வீடு சார். அப்படித்தான்..."

"சார்! உள்ள என் பொண்டாட்டி செத்திருப்பா."

அவர் தலை குனிந்தது. பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எங்கப்பா" என்றார். "நாங்க எல்லாரும் வெளியூர் போயிருந்தோம். அவர் மட்டும் வீட்ல. புல்தரையில விழுந்து இடுப்பு ஒடஞ்சுபோச்சு. கத்தினாலும் கேட்க ஆள் இல்ல. காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி வரும்னு அவருக்குத் தெரியும். அதுக்காகக் காத்திருந்திருப்பாரு."

"வரலியா?"

"தண்ணி வீணாகுமேன்னு, கிளம்பறப்ப நான்தான் டைமர அணைச்சிட்டுப் போனேன்."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க திரும்பி வந்து பார்க்கறப்ப... குழாய் வரைக்கும் தோண்டியிருந்தாரு சார். வெறும் கையால."