ஊர் விட்டுப் போகிறவர்களின் தாள்கள்

இங்கிலீஷ் தாள் திருத்துகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: திருத்திக் கொடுத்ததும் தாள் போய்விடும், எழுதினவர் மனசை விட்டுப் போகமாட்டார். நீங்களும் டீச்சராகவோ, டியூஷன் எடுப்பவராகவோ, வீட்டில் பிள்ளைக்கு டிக்டேஷன் போடுகிறவராகவோ இருந்தால் நான் சொல்வது உடனே புரியும்.

நான் பாலக்காட்டுக்காரி. அப்பாவுக்கு, நாங்கள் அத்தா என்போம், கடைவீதியில் குடைக்கடை. எம்.ஏ. முடித்ததும், வெளிநாடு போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பாடம் நடத்துவது மற்றவர்கள். பரீட்சை வைப்பது நான். இலக்கணம், வார்த்தைகள், ஒரு கடிதம், ஒரு கட்டுரை, கடைசியில் பதினாலு நிமிஷம் நேருக்கு நேர் பேச்சு. அசல் பரீட்சை வேறு இடத்தில் நடக்கும், எங்களுடையது ஒத்திகைதான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். மார்க் வந்தால் விமானம், வராவிட்டால் மறுபடியும் என் முகம்.

தேடுது

முதல் இரண்டு வருஷம் என்னை இடுக்கி மலையில் இருந்த கிளைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே சூரியநெல்லியிலிருந்து ஜெயா என்று ஒரு பெண் வந்தாள். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். நர்ஸிங் முடித்தவள், அதிகம் பேசமாட்டாள். உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றித் தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தேன். 'ஐ ஆம் மிஸ்ஸிங் மை ஃபாதர் சின்ஸ் ஃபோர் இயர்ஸ்' என்று ஆரம்பித்திருந்தாள். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. 'ஆம்' வெட்டி 'ஹேவ் பீன்' போட்டேன், 'சின்ஸ்' வெட்டி 'ஃபார்' போட்டேன். அப்பாவை நினைத்து ஏங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டு, ஓரத்தில் 'உணர்ச்சி நன்றாக வந்திருக்கிறது' என்று வேறு எழுதி வைத்தேன்.

மறுநாள் தாளோடு வந்து நின்றாள். "அப்பா எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். போடிக்குப் போயிட்டு வாரேன்னு ஜீப்புல ஏறுனாரு. நாலு வருசம் ஆச்சு, வரல" என்றாள். காணவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுத்த காகிதத்தில் 'மிஸ்ஸிங்' என்றுதான் போட்டிருந்ததாம். அந்த வார்த்தையை அவள் கற்றுக்கொண்டது அங்கேதான்.

என்ன சொல்வதென்று தெரியாதபோது டீச்சர்கள் செய்வதைத்தான் செய்தேன், இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். ஆள் காணாமல் போனால் இப்படி எழுத வேண்டும், ஆளை நினைத்து மனசு ஏங்கினால் அப்படி எழுத வேண்டும், வார்த்தை ஒன்றுதான், வாக்கியம் வேறு என்று நோட்டில் இரண்டு கட்டம் போட்டுக் காட்டினேன். ஜெயா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நம்ம பேச்சுலயும் அப்படித்தான டீச்சர். அம்மா ஸ்டேசன்ல போயி அவரத் தேடுங்கன்னு சொல்லுச்சு. வீட்டுக்கு வந்து, எனக்கு அவரத் தேடுதுன்னு சொல்லுது."

ஒரு கமா

பாலக்காட்டுக்குத் திரும்பி வந்தபிறகு நடந்தது இது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிருத்திகாவின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற விவசாயி, பழனிசாமி என்று பெயர். கிருத்திகா பக்கத்துச் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே எங்களிடம் படித்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்து போவதற்கு. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு இளநீரை மேஜைக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க. எங்க புள்ளய இந்தத் தடவ பெயிலாக்கிப் போடுங்க."

இங்கே நடப்பது ஒத்திகை, இதில் பெயிலானாலும் அசல் பரீட்சையை யாரும் தடுக்க முடியாது என்று விளக்கினேன். "தெரியுமுங்க. ஆனா இன்னும் ஆறு மாசம் ஆவோணும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவ நம்பிப்போடுவாளுங்க. அவங்கம்மாளும் இல்ல. இவளும் போயிட்டா, ஊட்டுல நானு ஆருகூடப் பேசறதுங்க?" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் சொன்னால் அவள் நம்புவாள். ஒரு மனுஷனின் ஆறு மாசம் என் பேனாவில் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அன்று காலைதான் அவளுடைய கட்டுரையைத் திருத்தி முடித்திருந்தேன். 'ஒரு நாளில் உங்களுக்குப் பிடிக்காத நேரம் எது' என்பது தலைப்பு. "அவ என்னதான் எழுதறா? கொஞ்சம் தமிழ்ல சொல்றீங்ளா?" என்று கேட்டார். செய்திருக்கக்கூடாது. எழுதினவளைக் கேட்காமல் தாளை இன்னொருவருக்குப் படித்துக் காட்டுவது தப்பு. படித்தேன். 'எனக்குப் பிடிக்காத நேரம் சாயங்காலம். ஆறு மணிக்கு அப்பா தோப்பிலிருந்து வருவார். எந்த வரிசைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ஒரு வயசான அம்மா என் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். அதை அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மோட்டார் சத்தம் மாறிவிட்டது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.'

பழனிசாமி கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவர முயற்சி செய்கிறார் என்று தோன்றியது. "தப்பில்லாம எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார். ஓரிடத்தில் கமா விட்டுவிட்டாள், மற்றபடி நன்றாக எழுதியிருக்கிறாள் என்றேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தக் கமாவ நீங்களே போட்டு, மார்க்கையும் போட்டு உட்டுருங்க டீச்சர்."

ஜஸீலாவின் ‘த’

ஜஸீலா எங்கள் தெருப் பெண். அவளுடைய அத்தா மளிகைக்கடைக்காரர். இங்கிலீஷில் பெயர்களுக்கு முன்னால் வருகிற 'த' என்ற குட்டி வார்த்தையால் அசல் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றாள். வேண்டிய இடத்தில் போடமாட்டாள், வேண்டாத இடத்தில் எல்லாம் தூவிவிடுவாள். நான் அவளுடைய தாளில் வட்டம் போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு தாளைப் பார்த்து அவளே, "அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாள். மூன்றாவது தடவை ஜெயித்து, இங்கிலாந்தில் முதியோர் வார்டில் வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போனில் கூப்பிடுவாள். பனியைப் பற்றிச் சொல்வாள், ரொட்டியைப் பற்றிச் சொல்வாள்.

போன மாதம் பேசும்போது நான் விளையாட்டாக, இப்போது 'த' எல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "இங்க நான் போட்டேனா, விட்டேனான்னு யாரும் பாக்கறதே இல்ல டீச்சர். பாத்துத் திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தாத் தேவலைன்னு இருக்கு."

புதன்கிழமைக்காரர்

கல்பாத்தி அக்கிரகாரத்திலிருந்து ஒருவர் புதன்கிழமை தவறாமல் வருவார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், ராமசேஷன் ஸார். பேச்சுப் பரீட்சைக்கு மட்டும் பெயர் கொடுத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா, பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ். என் வேலை, கையில் இருக்கிற அட்டையில் உள்ள கேள்விகளைக் கேட்பது. உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிடிக்குமா? செருப்பு வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவீர்கள்? அட்டையில் இருக்கிற கேள்விகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் அவர் யோசித்து, ரசித்து, முழு வாக்கியத்தில் பதில் சொல்வார்.

விண்ணப்பத்தில் 'எந்த நாடு' என்ற இடத்தை மட்டும் அவர் நிரப்பவே இல்லை. மூன்று மாசம் கழித்து எனக்கே உறுத்த ஆரம்பித்தது. "ஸார், உங்களுக்குக் கத்துக்க இங்கே ஒண்ணும் இல்லை. எதுக்காக வர்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, தமிழில் பதில் சொன்னார். அந்த அறையில் அவர் பேசிய முதல் தமிழ் அதுதான்.

"ஆத்துல எங்கிட்ட மூணே மூணு கேள்விதான் கேப்பா, கேட்டேளா. குளிச்சாச்சா, மாத்திரை சாப்டாச்சா, கேட்டைப் பூட்டினேளா. குத்தமாச் சொல்லலை, நல்ல கொழந்தைகள்தான். ஆனா உங்களுக்கு மழை பிடிக்குமான்னு என்கிட்ட இனிமே ஆரு கேக்கப்போறா, சொல்லுங்கோ."

மைக் டெஸ்ட்

கடைசியாக என் கதை. சென்ற ஜூனில் எங்கள் மையத்துக்குப் புதிதாக ஒரு ரெக்கார்டிங் கருவி வந்தது. மாணவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டலாம் என்று ஏற்பாடு. வரவேற்பில் இருக்கிற சிந்து ஒற்றப்பாலத்துப் பெண், மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, "டீச்சர் ஒரு தடவை பேசுங்க, நான் கேள்வி கேக்கறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அட்டைக் கட்டிலிருந்து கைக்கு வந்ததை உருவினாள். 'நீங்கள் போக நினைத்து, போகாமல் போன ஒரு பிரயாணத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள்.'

எத்தனையோ பேரிடம் நானே நீட்டிய அட்டைதான். வேடிக்கையாக ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இருபத்தேழு வயதில் நானும் இந்தப் பரீட்சையை எழுதினேன் என்று வந்தது. நல்ல மார்க். இங்கிலாந்தில் ஒரு கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. நீல நிறத்தில் ஒரு பெட்டி வாங்கினோம். அங்கே மழை சாய்வாகப் பெய்யும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தா கடையில் இருந்த குடைகளை எல்லாம் விரித்து விரித்துப் பார்த்து, கம்பி கனமான ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அதற்கடுத்த வாரம் கடையில் ஏணியில் நிற்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. அடுத்த வருஷம் வருகிறேன் என்று கல்லூரிக்கு எழுதினேன். அதற்கடுத்த வருஷமும் அதையே எழுதினேன். மூன்றாவது வருஷம் எழுதவில்லை. அத்தாவுக்குப் பேச்சு பாதி திரும்பியது. இப்போது கடையில் உட்கார்ந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்காக இருந்துவிட்டேன் என்று வருத்தமில்லை. ஆனால் மழை சாய்வாகப் பெய்கிற அந்தத் தெருவில் நான் ஒரு நாளாவது நடந்திருக்கலாம் என்று நினைப்பு வராத வருஷமும் இல்லை. இவ்வளவையும் இங்கிலீஷில் சொன்னேன். தமிழில் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு நிமிஷம் ஆனதும் பேசுகிறவரை நிறுத்துவது பரீட்சை வைப்பவரின் கடமை. வாக்கியம் பாதியில் இருந்தாலும் 'தேங்க் யூ' சொல்லி நிறுத்திவிட வேண்டும். நான் எத்தனை பேரை அப்படி நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர்களெல்லாம் அடுத்த வரியில் என்ன சொல்ல வந்தார்களோ என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது கருவியில் ஏழு நிமிஷம் ஓடியிருந்தது. சிந்து கையில் இருந்த கடிகாரத்தைக் கவிழ்த்து மேஜையில் வைத்திருந்தாள்.

"டைம் எப்பவோ கழிஞ்சு டீச்சர்" என்றாள். "எனக்கு நிறுத்தத் தோணலை. இன்னும் உண்டுன்னா சொல்லுங்க."

இப்படியாக, எத்தனையோ பேரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்த எனக்கு, வாளையாறு எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூர் வரை போய்வர ஒரு நாள் லீவு கேட்டால், பரீட்சை இருக்கிறதே டீச்சர் என்கிறார்கள்.