பிள்ளையாரில் படிந்த சுண்ணாம்பு

நான் வேலை செய்வது சுவிஸ் தலைநகர் பேர்ணில் ஒரு பல் வைத்தியரிடம். காலை முதல் மாலை வரை அடுத்தவர் பல்லில் காறை சுரண்டுகிறேன். வீட்டுக்கு வந்தால் குழாயில் சுரண்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே பிடிவாதம்.

எங்கள் தொடர்மாடிக்கு வரும் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் சொறி பிடித்தது போல வெள்ளைத் தகடு. தேநீரைச் சற்று ஆறவிட்டால் மேலே ஏதோ ஆடை கட்டும், உதட்டில் ஒட்டும், எனக்குக் குமட்டும். குளித்துவிட்டு வந்தால் தலைமயிர் வைக்கோல். துவாய் காய்ந்தால் கருவாட்டைப் போல விறைத்துக் கிடக்கும். இதே தண்ணீரை மேல்மாடிச் சுவிஸ்காரி கண்ணாடிக் குவளையில் பிடித்து, உலகத்திலேயே நல்ல தண்ணீர் எங்களுடையதுதான் என்று என் முகத்துக்கு நேரே குடிப்பாள். குவளை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணவரின் தாயும் எங்களோடுதான் இருக்கிறார். மாமிக்குப் பிரஷர், தினமும் காலையில் குளிசை போட வேண்டும். சமையலறை அலமாரித் தட்டில் உள்ளங்கை அளவில் ஒரு கருங்கல் பிள்ளையார் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் குழாய்த் தண்ணீரில் அவருக்கு முழுக்கு. துடைப்பது கிடையாது. கட்டடம் முழுவதற்கும் கீழே ஒரே சலவையறை, ஒரே மெஷின். எந்தெந்த வீட்டு உள்ளாடை சுழன்றதோ, அதில் தோய்த்த துணி சுவாமியில் படக்கூடாது என்பது மாமியின் சட்டம். ஆகவே பிள்ளையார் தானாகவே காய்வார். தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை மாமி சமையலறையிலிருந்து கத்தினார்.

“திருநீறு வந்திருக்குது பிள்ளை! நெத்தியில பார், வயித்தில பார்!”

அன்று மாலையே கோயிலில் பழகிய பெண்கள் வந்து இறங்கிவிட்டார்கள். படிக்கட்டெல்லாம் கழற்றிப்போட்ட சப்பாத்து. மேல்மாடிக்காரி அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒருத்தி பிள்ளையாரின் காதிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்து வாயில் போட்டாள். நான் நாள் முழுக்கச் சுரண்டித் துப்பச் சொல்வதை அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தாள்.

“உது கல்க், தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோவன்,” என்றேன் கணவரிடம்.

“இஞ்சை பார், அம்மா சந்தோஷமா இருக்கிறா. விடன்.”

விட்டேன். அதுதான் வினையாகப் போனது. பிறகொரு காலை மாமி குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். தலை சுற்றுகிறதாம். அவரை இருத்திப் பிரஷர் மெஷினைக் கையில் கட்டினேன். இலக்கம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. குளிசைப் பெட்டியைத் திறந்தால் அந்த வாரத்துக்கு நான் நிரப்பி வைத்தது அப்படியே கிடந்தது.

“மாமி, குளிசை போடேல்லையோ?”

“அவரே மருந்து தாறார். பிறகேன் உந்தக் குளிசை?”

காலை காலையாகப் பிள்ளையாரைச் சுரண்டித் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வினாகிரிப் போத்தலை எடுத்துக் கேத்திலுக்குள் கவிழ்த்தேன். அடியில் இருந்த வெள்ளை சீறிக்கொண்டு நுரைத்தது.

“பாருங்கோ மாமி. இதுதான் அவரிலையும் இருக்கிறது. வெறும் சுண்ணாம்பு!”

மாமி கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

“அப்ப கேத்திலுக்கையும் வந்திருக்கிறார். நீ வினாகிரியை ஊத்திப்போட்டாயே, பாவி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியின் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். குளிசையை இப்போதே போடட்டும், குறையாவிட்டால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். கணவர் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் மாமியும் அந்தப் பிள்ளையாரும்தான். நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

“சரி மாமி. குளிசையைப் பிள்ளையாரின்ரை காலடியில வைச்சு எடுத்துத் தாறன். போடுவியளோ?”

மாமி யோசித்தார். “நீயும் பூசினால் போடுறன். அவரைக் காணேக்கை எல்லாம் மூக்கைச் சுழிக்கிறாய். அதாலைதான் எனக்குத் தலை சுத்துது.”

குளிசையை வைத்தேன். மாமி பிள்ளையாரின் வயிற்றிலிருந்து சுரண்டி, ஈர விரலால் என் நெற்றியில் இழுத்தார். சொரசொரவென்று இருந்தது. மேலெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமி குளிசையை வாயில் போட்டு அதே குழாய்த் தண்ணீரைக் குடித்தார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் கீழும் பார்த்தேன். விழுங்கியிருந்தார். மத்தியானத்துக்குள் பிரஷர் இறங்கியது.

அன்று முதல் பிள்ளையாரைச் சுத்தம் செய்வது பற்றி நான் வாய் திறப்பதில்லை. கேத்திலையும் தொட விடுகிறாரில்லை. காலையில் அவர் ஒரு குளிசை விழுங்குகிறார், நான் அந்தக் கண்றாவியைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். அருவருப்பு கொஞ்சமும் குறையவில்லை. டிராம் நிறுத்தம் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. நான் நெற்றியைத் துடைக்கிறேனா என்று மாமி ஜன்னலில் நின்று பார்ப்பார். அவர் நிற்கிறாரா என்று நானும் பார்ப்பேன்.