சந்தனம் அடைத்த கார்

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மாதத்தில் பாதி நாள் அது மெக்கானிக்கிடம் இருந்தது. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் சல்லிசாக வாங்கிய வண்டி. மாதுங்காவில் எங்கள் கட்டடத்து வாசலில், வாதாம் மரத்தடியில் அது நிற்கும்போது மொத்தக் கட்டடமும் ஒரு படி உயர்ந்துவிட்டதாக எங்களுக்கு நினைப்பு. மரத்துக் காக்கைகளுக்கு அப்படியொரு மரியாதை கிடையாது.

காக்கைகளை உத்தேசித்தே செய்ததுபோல் வண்டியில் ஒரு வசதி இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். அதை அழுத்தினால் பானெட்டின் மேலே இருக்கும் இரண்டு சின்ன மூக்குகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி முன் கண்ணாடியில் அடிக்கும். வைப்பர் வந்து வழித்துவிட்டுப் போகும். வீட்டுக் குழாயிலேயே வேளை பார்த்துத் தண்ணீர் வந்த காலம் அது. கண்ணாடிக்கு நினைத்தபோது தண்ணீர் வருவதைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் பெரியப்பா அனுப்பியதில்லை. காபி, முறுக்கு, பீய்ச்சல். இதுதான் எங்கள் வீட்டு உபசாரம்.

எங்களோடு இருந்த சித்திக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஜாதகம் பொருந்தி வந்த இரண்டு பேரை ஒரே காரணம் சொல்லித் தட்டிவிட்டிருந்தாள்.

"ரெண்டு வார்த்தை பேசிப் பாக்காம எப்படி சரின்னு சொல்றது?"

"நாங்க பேசினோமா? இத்தனை வருஷம் குப்பை கொட்டலையா?" என்பாள் பெரியம்மா.

"அதைப் பாத்துட்டுத்தான் கேக்கறேன்" என்பாள் சித்தி.

தனியாகப் பேச விடுவதென்பது எங்கள் குடும்ப கௌரவத்துக்கு ஒத்துவராத காரியம். மூன்றாவது வரனையும் தட்டினால் இனிமேல் அவளைக் கேட்காமலே முடித்துவிடுவதாகப் பெரியம்மா சொல்லிவிட்டாள்.

மூன்றாவது பிள்ளைக்குச் செம்பூர். டிராம்பேயில் அணு சம்பந்தமான உத்தியோகம். அங்கே என்ன செய்கிறார் என்பதை வெளியே சொல்லக் கூடாதாம். என்ன சம்பளம் என்பதைச் சொல்லிவிட்டதால் பெரியப்பா மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று பெரியம்மா காலையிலேயே சுவாமி படம், வாசல்நிலை, தையல் மிஷின் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டே போய், கீழே இறங்கிக் காருக்கும் இட்டாள். காருக்கு நெற்றி எது என்று தெரியாததால் புடைத்துக்கொண்டிருந்த இடத்திலெல்லாம் தாராளமாக அப்பிவிட்டாள்.

பெண் பார்த்தல் வழக்கப்படி நடந்தது. சித்தி நமஸ்காரம் செய்தாள், சொஜ்ஜி கொடுத்தாள், உள்ளே போனாள். பிள்ளை பேசியது "போதும்" என்ற ஒரே வார்த்தை. அதுவும் பெரியம்மாவிடம். உள்ளே போய்ச் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். பதில் அதில் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

பிள்ளையின் அம்மா மாடியில் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டிருக்க, பெரியப்பா பிள்ளையைக் கீழே அழைத்து வந்தார். நானும் தொற்றிக்கொண்டேன். காக்கைகள் கண்ணாடியில் தங்கள் கடமையைச் செய்திருந்தன.

"இப்பப் பாருங்கோ. ஏக்தம் ஃபாரின் டெக்னிக்" என்று பெரியப்பா குமிழை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. வைப்பர் மட்டும் ஓடி, ஓரத்தில் கிடந்த எச்சத்தைக் கண்ணாடி முழுக்கச் சமமாகப் பூசியது.

பிள்ளை குனிந்து மூக்கில் விரல் வைத்தார். ஆச்சரியத்தால் அல்ல, காரின் மூக்கில். சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம். காஞ்சு ஓட்டையை அடைச்சிண்டிருக்கு. வெந்நீர் விட்டு ஊறவெச்சு, ஊக்கால மெதுவா வெளிப்பக்கமா நோண்டணும். உள்ளே தள்ளிட்டா போச்சு. ஊக்கு இருக்குமா?"

பெரியம்மாவின் தாலிக்கொடியில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. ஆனால் சம்பந்தியாக வரப்போகிற அம்மாளின் எதிரில் அதை வெளியே இழுத்துக் கழற்றுவதெப்படி? அதை விட்டால் ஊக்கு இருந்த இடம் சித்தியின் வளையல்தான். பெரியப்பா கீழேயிருந்து குரல் கொடுக்க, சித்தியே வெந்நீர்ச் செம்போடு இறங்கி வந்தாள்.

"பக்கத்துல சைக்கிள் பம்ப் கிடைக்குமா மாமா? டியூபைக் கழட்டிக் காத்தடிச்சா நன்னா சுத்தமாகும்" என்றார் பிள்ளை. காரின் மானத்தைக் காப்பாற்றப் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓடினார். மாடியிலிருந்து பார்த்தால் வாதாம் இலைகள்தான் தெரியும்.

என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். சொல்லும்போது குமிழை அழுத்துவது என் உத்தியோகம். பானெட்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் சித்தி, ஆளுக்கொரு மூக்கு. வெந்நீர் விட்டார்கள். நோண்டினார்கள். "அழுத்து" என்றார். அழுத்தினேன். இரண்டு பக்கமும் ஜோராகப் பீய்ச்சியது.

"வரது மாமா" என்றேன்.

"சரியா வரலை. இன்னும் கொஞ்சம் கச்ரா மாட்டிண்டிருக்கு."

"ஒங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே."

"நீ சும்மா இருடி. உள்ளேர்ந்து பாத்தா ஒனக்கென்ன தெரியும்?" என்றாள் சித்தி.

உள்ளேயிருந்து பார்க்கிறவருக்காகத்தான் அந்த ஏற்பாடே என்று சொல்ல வாயெடுத்து, பெரியவர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

"கல்யாணமானா வேலையை விடணுமா?" என்று சித்தி கேட்டது காதில் விழுந்தது.

"எதுக்கு? என் ஆபீஸ் கதையை நான் ஆத்துல சொல்ல முடியாது. ஒருத்தராவது சொல்ல வேண்டாமா?"

சித்தி சிரித்தாள். அவள் கையிலிருந்த ஊக்கு பானெட்டின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மூக்குப் பக்கம் போகவேயில்லை. நடுநடுவே "அழுத்து" என்பார்கள். அழுத்துவேன். தண்ணீர் வரும். வரவில்லை என்பார்கள். கடைசியில் பாட்டில் காலியாகிக் குமிழ் கொர்ரென்றது. அப்போதும் அவர் "வரலை" என்றார். அந்த ஒரு தடவை நிஜமாகவே வரவில்லை.

பெரியப்பா வியர்க்க விறுவிறுக்கப் பம்போடு வந்து சேர்ந்தார்.

"வேண்டாம் மாமா, சரியாயிடுத்து. தண்ணியைத் துணியில வடிகட்டி விடுங்கோ. சந்தனத்தை நம்பர் பிளேட்டோட நிறுத்திக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, பிள்ளை தன் அம்மாவோடு வண்டியில் ஏறினார்.

அவர்களைச் செம்பூரில் விட்டுவிட்டுப் பெரியப்பா திரும்புவதற்குள் சித்தி சரியென்று சொல்லிவிட்டாள். பெரியம்மா சந்தனத்தின் மகிமை என்றாள். பெரியப்பா காரின் மகிமை என்றார். நான் மட்டும் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தேன்.

"அந்த மாமாக்கு ரிப்பேரே தெரியலை சித்தி. சரியானதுகூட அவருக்குத் தெரியலை."

"ஆமாண்டி" என்றாள் சித்தி, ஊக்கை வளையலில் திரும்ப மாட்டிக்கொண்டே. "ரொம்ப மந்தம்."

தெரிந்தும் சம்மதிக்கிறாளே என்று எனக்குத் துக்கமாக இருந்தது. எல்லாருமாகச் சேர்ந்து அவளைக் கட்டாயப்படுத்திவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கல்யாணத்தன்று மேடையில் சித்தி சிரித்தபடியே இருந்தாள். பாவம், எப்படி மறைக்கிறாள் என்று நினைத்து, அந்தக் கூட்டத்தில் அவளுக்காக நான் ஒருத்திதான் அழுதேன், ஜாங்கிரியைத் தின்றுகொண்டே.