ஜிம்மி மலையேறிய கத்திரி வெயில்

நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. நான்காம் வகுப்பு படிக்கும்போதே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவேன். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

கள்ளக்குறிச்சியில் அப்போது சிமெண்ட் ஷீட்டு போட்ட ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரிதான். எங்கள் ஜிம்மியோ புசுபுசுவென்று முடி வளர்ந்த சடைநாய். புழுக்கம் தாங்காமல் பகலெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். இரைக்காத நேரத்தில் குரைக்கும். நான் ஈரச்சாக்கு விரித்து அதைப் படுக்கவைப்பேன். பாதத்தையும் வயிற்றையும் நனைத்துவிடுவேன். மண்சட்டியில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பேன். முடியை மழித்துவிடலாமே என்று அம்மா ஒருமுறை கேட்டபோது, "வெயிலுக்கு அந்த முடிதான்மா அதுக்குக் கொடையே!" என்று ஒரே போடாகப் போட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். குரைப்பு தாங்காத வீட்டுக்காரர், "நாயா வூடா, ரெண்டுல ஒண்ண சொல்லுங்க" என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, ஒருநாள் மதியம் வந்தார். "ஜிம்மிய மலைக்கு இட்டுக்கினு போறேன். அங்க குளுகுளுன்னு இருக்கும். வெயிலு கம்மியானதும் இட்டாந்துடறேன்" என்றார். பணக்காரர்கள் கோடைக்கு மலைக்குப் போவார்களே, அப்படி எங்கள் நாயும் போகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உச்சிவெயிலில் யாராவது நாயை வண்டியில் ஏற்றுவார்களா?

"இன்னா மாமா, ஒனக்கு அறிவு இருக்குதா? காத்தால போலாம். நானும் வரேன்" என்றேன்.

பெரியவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது ஜிம்மி என் மடியில், ஈரத்துண்டின் மேல் படுத்திருந்தது. வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது, அதற்கு வரவில்லை. வெள்ளிமலையில் மாமாவின் கூட்டாளி டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் நாய் கட்டும் இடத்தைக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். அடப்பாவமே, அதே சிமெண்ட் ஷீட்டு! கீழே இரும்புச் சங்கிலி, பக்கத்தில் வடை அடுப்பு.

"மத்தியானம் நெழலு எந்தப் பக்கம் வுழும்? தண்ணி யாரு மாத்துவாங்க?" என்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, ஒரு நாயிக்கா இத்தினி?" என்று சிரித்தார் அவர்.

"இதே ஷீட்டுதான் எங்க வூட்லயும் இருக்குது. இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்? வெயிலு எறங்கட்டும், வூட்டுக்குப் போலாம் மாமா" என்று சொல்லிவிட்டு, ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு போய் மரநிழலில் உட்கார்ந்துவிட்டேன். மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். பிறகு எனக்கும் ஜிம்மிக்கும் பன் வாங்கிவந்தார்.

பொழுது சாய்ந்து வீட்டு வாசலில் ஜிம்மி துள்ளிக் குதித்ததும் அம்மா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு பகல் பிரிவுக்கு இவ்வளவா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"இன்னா மாப்ள?" என்றார் அப்பா.

"ஒங்க பொண்ணுக்கு அந்த எடம் புடிக்கலயாம் மாமா. நீங்களே நல்ல வூடா ஒண்ணு பாருங்க."

அப்பா பார்த்தார். ஊருக்கு வெளியே ஓட்டு வீடு, வாசலில் பெரிய வேப்பமரம். நாய்க்கு நிழல் வேண்டும் என்று நான் சொன்னதால்தான் வீடு மாறினோம் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். ஜிம்மி அந்த மரத்தடியில் பல கோடைகள் சுகமாகக் கிடந்தது.

பழைய வீட்டிலிருந்து அப்பாவின் கடை கூப்பிடு தூரம். புது வீட்டுக்கோ மதியச் சாப்பாட்டுக்கு அத்தனை வெயிலிலும் சைக்கிள் மிதித்து வரவேண்டும். சட்டை நனைந்து, முகம் கறுத்து, மூச்சு வாங்க வாசலுக்கு வருவார். ஜிம்மியின் சட்டித் தண்ணீர் சூடாகிவிட்டதே என்ற பதற்றத்தில் நான் சொம்போடு அவரைத் தாண்டி ஓடுவேன். அவர் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.