புஷ்பத்துக்கு வாங்கிய மனை

"எல்லாரையும் கேட்டேன்யா, ஒருத்திய மட்டும் கேக்காம வுட்டுட்டேன்!"

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் சவரிராஜை எதிர்கொண்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில். "மழ வருமாங்க?" என்று கேட்டாலும் இதே பதில்தான். முதல் பாதிக்கு ஒரு இழுப்பு, இரண்டாம் பாதிக்குத் தொண்டை கம்மல், கடைசியில் நெற்றியில் ஒரு தட்டு. அந்தத் தட்டைக்கூட விடாமல் கடைத்தெருவில் செய்து காட்டிச் சிரிப்பார்கள்.

அவர் ஏலாக்குறிச்சிக்காரர். கடலை மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றி அரியலூர் ஸ்டேஷனில் இறக்குவது பிழைப்பு. யுத்தம் வந்ததும் ஸ்டேஷனில் கூட்டம் பெருகியது. பக்கத்திலேயே ஒரு மனை வாங்கி, முன்னால் கடை கட்டி வாடகைக்கு விட்டு, பின்னால் மனைவி மரிய புஷ்பத்தைக் குடிவைக்க ஆசைப்பட்டார். புஷ்பம் வாழ வந்த நாளிலிருந்து மூன்று ஓரகத்திகளோடு ஒரே வீட்டில் கிடந்தவள்.

"கதவச் சாத்திக்கிட்டு அழுவறதுக்காச்சும் தனியா ஒரு வூடு வேணும்ங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

வரதராசன்பேட்டை அண்ணன் தம்பி இருவர், அப்பன் விட்டுப்போன மனையை விற்க வந்தார்கள். சவரிராஜ் அவசரப்படவில்லை. கர்ணத்தைக் கேட்டார், நாலு எல்லைக்காரர்களையும் கேட்டார், பங்குச் சாமியாரையும் விடவில்லை. விற்கிறவர்களுக்கு ஆண்டிமடத்தில் தெரசம்மாள் என்றொரு தங்கை இருப்பது தெரிந்தது.

"அந்தப் புள்ள கையெழுத்து வேணாமா?"

"கட்டிக் குடுத்தாச்சு, சீரும் செஞ்சாச்சு. பொட்டப்புள்ளைக்கு ஏதுங்க பங்கு?" என்றான் மூத்தவன்.

சவரிராஜுக்கு நியாயமாகத்தான் பட்டது. தன் தங்கைக்கும் அவர் அப்படித்தானே செய்திருந்தார்! ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் கோயில் முறைப்படி. சொத்து என்று வந்தால் மட்டும் அடுத்த தெரு இந்துக் குடியானவர்கள் முறைப்படி. ஊரே அப்படித்தான் நடந்தது.

மனை வாங்கவும் கட்டவும் வண்டியும் மாடும் போயின. புஷ்பத்தின் தோடும் போயிற்று. முன்கடைக்கு வெற்றிலைபாக்குக் குருநாதன் குடிவந்தான். பின்னறைக்கு ஓடு போட ஆள் வந்த வாரம், தாலியறுத்த தெரசம்மாள் இரண்டு பிள்ளைகளோடு கோர்ட்டில் வழக்குப் போட்டாள்.

சவரிராஜின் வக்கீல் மூக்காலேயே பேசுகிறவர். "நீர் கிறிஸ்தவர் ஓய்! உம்ம ஆளுகளுக்குச் சட்டமே வேற. அப்பன் உயில் எழுதாமச் செத்தா மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நீர் வாங்கினது மூணுல ரெண்டு."

"சீர் செஞ்சாங்களேய்யா?"

"பித்தளைக் குடத்தையும் பலகாரத்தையும் கோர்ட்டு பாக்காது, ஓய்."

விற்ற அண்ணன் தம்பிகளைத் தேடினார். இருவரும் கண்டிச்சீமைக்குக் கப்பலேறியிருந்தார்கள். குருநாதன் அதற்குள் சட்டம் படித்துவிட்டிருந்தான். "வாடகைய யாருக்குக் குடுக்கறதுன்னு கோர்ட்டு சொல்லட்டுங்க. நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?" என்று குழைவான். கல்லாவை மட்டும் திறக்கமாட்டான்.

வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் புஷ்பத்துக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அந்தப் பொதுவீட்டு நடையில், ஓரகத்திகளும் அவர்கள் பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கவே அவள் உயிர் போயிற்று.

பிறகு கோர்ட்டு ஆள் சங்கிலி பிடித்து அளந்தான். கடை சவரிராஜுக்கு, பின்னறை தெரசம்மாளுக்கு. நடுவில் ஒரு மண்சுவர் எழும்பியது. பின்னறை கட்டின செலவுக்கென்று கிடைத்த தொகையை வக்கீல் பீசாக எடுத்துக்கொண்டார். குருநாதன் காலி செய்துவிட்டுப் போன கடைக்குள் சவரிராஜ் ஒற்றைக் கட்டிலோடு குடிபுகுந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து நெஞ்சுச்சளியில் விழுந்தார். ஒருநாள் தெரசம்மாள் கஞ்சியோடு வந்து வாசற்படியில் நின்றாள். வழக்குப் போட்டதிலிருந்து அவள் அவரிடம் பேசியதில்லை.

"அண்ணே, எம்மேல வஞ்சம் வச்சிக்கிட்டுப் போயிடாதீங்கண்ணே. என்னைய மன்னிச்சிடுங்க" என்றாள்.

சவரிராஜ் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"மன்னிக்கிறதுக்கு நீ என்னத்தப் பண்ணுன? ஒங்கண்ணனுவளுக்குக் காசு கெடச்சிது, ஒனக்கு எடம் கெடச்சிது, வக்கீலுக்கு பீசு கெடச்சிது. புஷ்பத்துக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல. போ, போயி ஒன் அடுப்பப் பாரு தாயி, பொகை இந்தப் பக்கம் வருது."